வெடியில்லாமல் போன போர்மேன்

சங்கிலிமுத்து கடைசியாகப் பேசியது சட்னியைப் பற்றி.

"உப்புப் பத்தலை, சோலை."

சோலையம்மாள் அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியோடு திரும்பினாள். "நேத்துக் கரிச்சுக் கெடந்துச்சுன்னீக. இன்னைக்குப் பத்தலைங்கிறீக. உங்க நாக்குக்கு நான் தராசா கட்டித் தொங்கவிட முடியும்?" என்று கேட்டபடியே வந்தவளுக்குப் பதில் வரவில்லை. சுவரில் சாய்ந்து, மடியில் தட்டும் தட்டில் பாதித் தோசையுமாக அவர் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு அவர் திருப்பிச் சொல்லாமல் இருந்ததில்லை. அதை வைத்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

வெயில் ஏறுவதற்குள் வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. வீட்டுக்கு ஓர் ஆளாவது பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். சங்கிலிமுத்து அங்கே போர்மேன். சோலையம்மாள் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. செய்தி போனதும் கம்பெனியை மூடிவிட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். மகள் ரோஜா சாத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் தெருவில் அந்த வேன் வந்து நின்றது.

ஏதோ கனமாக இறக்கி வைக்கும் சத்தம். "ஏலே, பாத்து லே, இழுக்காதீக, தூக்கி வைங்க!" என்று பாலகுருவின் குரல். பாலகுரு சின்னப் போர்மேன். சங்கிலிமுத்துதான் அவனுக்குத் தொழில் பழக்கியவர்.

சோலையம்மாளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் கையாலேயே எத்தனையோ தீபாவளிக்குக் கட்டி அனுப்பிய சத்தம். ஆனால் புருசன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து போய் வாசலில் அதட்ட முடியாது. ஒப்பாரி வைக்கத்தான் முடியும். எனவே அவள் ஒப்பாரி வைத்தாள்.

"நான் தேடி வச்ச தெரவியமே... தெக்குப் பாத்துப் படுத்தீகளே... தெருவுல வேன் வந்து நிக்கே... ஏ ரோஜா, அதுல என்ன லோடுன்னு பாத்துட்டு வா தாயி..."

ரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "வெடிம்மா. சரம் சரமா இருக்கு. முதலாளி கொடுத்து விட்டிருக்காக."

"ஐயா மகராசா... அந்த வெடியெல்லாம் வேன்லயே இருக்கட்டும்யா... ஒரு கட்டு எறங்குனாலும் நான் எந்திரிச்சு வந்துருவேன்யா..."

சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள், பழக்கதோஷத்தில், "வந்துருவேன்யா" என்று சேர்ந்து இழுத்தார்கள்.

வாசலில் சங்கிலிமுத்துவின் அண்ணன் முத்துராமலிங்கத்தின் முகம் கறுத்துப்போனது. அவர் உள்ளே வந்து, குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா சோலை, என்ன பேச்சு இது? போர்மேன் சாவு. வெடி இல்லாமயா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த வட்டாரத்தில் போர்மேன் செத்தால் கம்பெனி தன் சரக்கையே அனுப்பும். வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரை சரம் அறாமல் வெடிக்க வேண்டும். எவ்வளவு தூரத்துக்குக் கேட்டது என்பதை வைத்துத்தான் செத்தவன் எப்படி வாழ்ந்தான் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் முடிவு கட்டுவார்கள்.

"அத்தான், தோட்டத்துல தேன் ஈ இருக்கு," என்றாள் சோலையம்மாள், ஒப்பாரியை நிறுத்திவிட்டு. "மாதுளை ரெண்டாம் பூவுல நிக்கி. சுடுகாட்டுப் பாதை வேலியை ஒட்டித்தான் போகுது. இம்புட்டு வெடியும் அங்கன வெடிச்சா ஒரு ஈ மிஞ்சாது. பெட்டியை விட்டு ஓடிப்போன ஈ திரும்பி வராது அத்தான்."

"எந்தம்பியை விட ஈ பெருசா?"

"உங்க தம்பிக்கு ஈதான் பெருசு. எனக்குத் தெரியாதா?"

அதிலும் தப்பில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டில் சங்கிலிமுத்து மாதுளை வைத்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. செடி நன்றாக வளர்ந்தது. சிவப்புச் சிவப்பாகப் பூத்தது. பூத்ததெல்லாம் கொட்டியது. ஒவ்வொரு வருடமும் தரையெல்லாம் பூ. கிளையில் காயைத் தேட வேண்டும். பக்கத்துக் கம்பெனிப் போர்மேன் செந்தூர்பாண்டி, தோட்டத்து வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "என்ன சங்கிலி, கம்பெனியிலதான் பூச்சட்டிப் புஸ்வாணம் போடுறேன்னு பாத்தா, வீட்டுலயும் வெறும் பூ மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அந்த வார்த்தையைச் சங்கிலிமுத்து ரொம்ப நாள் மென்றுகொண்டிருந்தார்.

பிறகு எங்கேயோ விசாரித்து, மார்த்தாண்டத்திலிருந்து அய்யப்பன் என்ற தேனீ வளர்ப்புக்காரரைக் கூட்டிவந்தார். அய்யப்பன் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "செடிக்கு ஒரு குறையும் இல்ல அண்ணன். பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்க ஆள்தான் இல்ல," என்றார். சுற்றிலும் கம்பெனி, மருந்து வாசம், வறண்ட காடு. தானாக வரும் ஈ குறைவு. பெட்டியில் குடியிருக்கிற இந்தியத் தேனீயைக் கொண்டுவந்து, வேப்பமர நிழலில் பெட்டி வைத்துக் கொடுத்தார்.

அடுத்த பூவில் காய் பிடித்தது. பிடித்தது என்றால், கவைக்கம்பு கொடுத்துக் கிளையைத் தாங்க வேண்டியிருந்தது. முதல் பறிப்பில் பெரிய பழமாகப் பொறுக்கி, துண்டில் மூட்டை கட்டி, சங்கிலிமுத்து தானே செந்தூர்பாண்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "ஒண்ணுமில்ல. சும்மா, ருசி பாக்கத்தான்," என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் தெருவில் நடந்துவந்த நடையைப் பார்த்தவர்கள், சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வருகிறார் போல என்று நினைத்தார்கள்.

அதன் பிறகு ஆள் மாறிவிட்டார். கம்பெனியிலிருந்து வந்ததும் மருந்து வாசம் போகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பெட்டிப் பக்கம் போவார். மற்றவர்கள் போகக்கூடாது. பூ நேரத்தில் ஊரில் வெடி கூடாது என்று ஒரு சட்டம் போட்டார். பத்திரகாளியம்மன் பொங்கலுக்குச் சரத்தைப் பிரித்தபோது குறுக்கே போய் நின்றார். "வெடி செஞ்சு சோறு திங்கிறவன் வெடி போடாதங்கான் பாருங்கலே!" என்று ஊர் சிரித்தது. சிரித்தாலும் கேட்டுக்கொண்டது. ஏனென்றால் அவர் தேனீ வேலி பார்த்துப் பறப்பதில்லை. அடுத்த தோட்டத்து எலுமிச்சையும் கொல்லைப்புறத்து முருங்கையும் அந்த வருடம் முன்னெப்போதும் இல்லாதபடி காய்த்திருந்தன.

"அவுக ஊரையே வெடி போட விடல அத்தான்," என்றாள் சோலையம்மாள். "சாமிக்கே போட விடல. அவுகளுக்கு மட்டும் நான் போட்டா, நாளைப்பின்ன எந்த முகத்தோட ஒருத்தனை நிறுத்துவேன்?"

முத்துராமலிங்கம் வெளியே வந்தார். பந்தலில் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டியும் அங்கேதான், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "என்ன, வெடி இல்லையாமா?" என்று அவன் கேட்ட கேள்வி துக்கத்தோடுதான் வந்தது. ஆனாலும் முத்துராமலிங்கத்துக்கு அது சுருக்கென்று தைத்தது.

"இருக்கு இருக்கு. என்ன வெடிங்கிறதுதான் பேசிக்கிட்டிருக்கோம்," என்றார்.

பாலகுருதான் யோசனை சொன்னான். "பெரியப்பா, சத்தம்தானே பிரச்சினை? வேன்ல கலர் புகை கெடக்கு. சத்தமே வராது. அய்யப்பன் பெட்டியத் திறக்கும்போது புகைதானே போடுவாரு? புகை போட்டா ஈ சாந்தமாயிரும். அண்ணாச்சிக்கு மரியாதையும் ஆச்சு, ஈக்குச் சாந்தமும் ஆச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெருமுனையில் ஒன்றைப் பற்றவைத்துச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். பாலகுரு ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்தான். ஒன்றுக்குப் பதில் ஒரு கட்டே பற்றிக்கொண்டது. கரிசல் காட்டுக் காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து நேராகப் பந்தலுக்குள் கொட்டியது.

கொஞ்ச நேரம் யாருக்கும் யாரும் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. புகை விலகியபோது பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தார்கள். முத்துராமலிங்கத்தின் வெள்ளை மீசை ரோஸ். வெள்ளை வேட்டிகள் ரோஸ். கோவில்பட்டியிலிருந்து மாலையோடு அப்போதுதான் வந்து இறங்கிய சொந்தக்காரர் ஒருவர், தெருவிலேயே நின்று, "ஏப்பா, நான் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேனா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து ஒப்பாரி வந்தது. "புகையாப் போனீகளே... புத்திகெட்ட பயகிட்டத் தொழில் சொல்லிக் கொடுத்தீகளே..."

அந்த நேரம் பார்த்து முதலாளி ரத்தினசாமியின் கார் வந்தது. அவர் இறங்கி, ரோஸ் நிறக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"யாருலே இங்க டெஸ்டிங் பண்ணுனது?"

பாலகுரு வேனுக்குப் பின்னால் போய்விட்டான்.

முதலாளி உள்ளே போய் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் வேர்த்தது. "சோலையம்மா சொல்றது நியாயந்தான். ஆனா நம்ம போர்மேன் சத்தமில்லாமப் போனா, ரத்தினசாமி கம்பெனியில ஸ்டாக் இல்லைன்னு சிவகாசி பூராவும் பேசுவானே. பாதையை மாத்துவோம். தோட்டத்துப் பக்கம் போகாம, கம்பெனி ரோட்டைச் சுத்திக் கொண்டு போவோம்."

"முதலாளி," என்று வேனுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அது நம்ம மருந்துச் செட்டு இருக்கிற எடம். அங்கன பீடி பத்தவச்சாலே சீட்டைக் கிழிச்சுருவீக. சரம் வெடிக்கவா?"

முதலாளி யோசித்தார். "அப்ப கீழத்தெரு வழியா."

"கீழத்தெருவுல நிச்சயதார்த்தம் நடக்கு முதலாளி. வாழைமரம் கட்டிருக்கு. சாவு வெடியோட அந்த வாசலைத் தாண்டுனா நம்மளயும் சேத்துத் தூக்கணும்."

"ஊரைச் சுத்தி, கண்மாய்க்கரை வழியா?"

"அப்படியே போனாலும் கடைசியில வந்து ஏறுறது இதே வேலியோரந்தான்."

பட்டாசு ஊரில், பட்டாசுக்காரனுக்கு, பட்டாசு முதலாளி கொடுத்த பட்டாசை வெடிக்க ஒரு முழம் இடம் இல்லை.

வேனுக்குப் பின்னாலிருந்து பாலகுரு வெளியே வந்தான். அவன் முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. ரோஸ் நிறத்தில் இருந்ததால் அது சரியாகத் தெரியவில்லை.

"நான் பெட்டியைத் தூக்கி அந்தக் கடைசி மூலையில வச்சுட்டு வாரேன். நாம சுடுகாடு போயிட்டுத் திரும்பி வந்ததும் எடுத்து இங்கன வச்சிருவோம்."

"ஏலே, கொட்டும்லே."

"கொட்டட்டும் பெரியப்பா. அண்ணாச்சிக்காக வாங்குனதா இருக்கட்டும்."

இரண்டு சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், கையில் காலுறை என்று மாட்டிக்கொண்டு பாலகுரு தோட்டத்துக்குள் போனான். அவ்வளவு பேரும் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். பாலகுரு வேப்பமரத்தடிக்குப் போனான். குனிந்தான். ஒரு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தான்.

அடுத்தது, "ஆத்தீ!" என்ற அலறல்தான் கேட்டது. அவன் ஓடிவந்த வேகத்தில் ஹெல்மெட் ஒரு பக்கம் போனது, காலுறை ஒரு பக்கம் போனது. வேலியைத் தாண்டும்போது கருவேலமுள் மழைக்கோட்டில் பாதியை வாங்கிக்கொண்டது.

"எத்தனை லே கொட்டுச்சு?"

"நூறு இருக்கும் பெரியப்பா! சட்டைக்குள்ள... இன்னும் நடக்கு பெரியப்பா... உள்ள நடக்கு!" அவன் கையை நீட்டினான். முழங்கை வரை திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

"ஈ பறந்த மாதிரியே தெரியலையே?" என்றாள் ரோஜா.

"கண்ணுக்குத் தெரிஞ்சா இவன் கொட்ட விடுவானா தாயி?" என்றார் முத்துராமலிங்கம்.

சமையல்காரர் காதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி, "சத்தமும் இல்லையே," என்றார்.

"துக்கத்துல இருக்கு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "எங்கயும் பறக்காம உள்ளயே அடைஞ்சு கெடக்கு. வாயில்லாச் சீவன், பாவம்."

அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. செய்தி உள்ளே போனது. சோலையம்மாள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

"கொட்டத்தான் செய்யும்," என்றாள். "வளத்தவுகளைக் காணாம இருக்கையில வேற ஒருத்தன் தொட்டா சும்மா விடுமா? அவுக வெறுங்கையோட எடுப்பாக. ஒரு நாள் ஒண்ணு கொட்டுனதில்ல."

"எசமான் விசுவாசம்!" என்றார் முதலாளி. அவர் எழுந்து நின்றார். குரலில் மேடை ஏறிவிட்டது. "சரம் யார் சாவுக்கும்தான் வெடிக்கும். வெடியையே நிறுத்திவச்சு, ஊரே வாயைப் பொத்திக்கிட்டுப் போற சாவு எவனுக்குக் கிடைக்கும்? இப்படி ஒரு போர்மேன் என் கம்பெனியில இருந்தாருன்னு நான் சொல்லிக்குவேன். பாலகுரு, வேனை மூடு!"

முத்துராமலிங்கம் ரோஸ் மீசையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். தம்பியைப் பற்றி அவருக்கே இப்போதுதான் பெருமை பிடிபட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது.

கொட்டுக்காரர்கள் கொட்டைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை இடுப்பில் செருகினார். பாலகுரு சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, கம்பெனி வாசலில் செய்வதுபோலவே, ஒவ்வொருத்தரிடமும் செல்போனை வாங்கிப் போட்டான். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அதை யாரும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அப்படி நடக்கத் தெரியும். மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர்களின் நடை அது: காலைத் தேய்க்காமல், வெறுங்காலோடு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி. அந்த நடையை அவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் முன்னால் பாடையில் போய்க்கொண்டிருந்தார்.

பெண்கள் வேலியோரம் வரை வந்தார்கள். ஒப்பாரியைக் குசுகுசுவென்று வைத்தார்கள். மாரில் அடித்துக்கொள்வதைக்கூட உள்ளங்கை படாமல் அடித்துக்கொண்டார்கள்.

"மெதுவா லே," என்றார் முத்துராமலிங்கம், காற்றோடு காற்றாக.

"மெதுவாத்தான் பெரியப்பா போறோம்."

"பேசாத லே."

"நீங்கதானே பெரியப்பா பேசுனீக."

வேப்பமரத்துக்கு நேராக வந்ததும் சோலையம்மாள் கையைக் காட்டினாள். பாடை நின்றது. தூக்கியவர்கள், அவள் சொல்லாமலே, பெட்டிகளைப் பார்க்கத் திருப்பி, அவர் முகத்தைக் காட்டினார்கள். அந்த நிமிடம் கரிசல் காடு முழுவதும் ஒரு சத்தம் இல்லை. மாதுளைப் பூ ஒன்று உதிர்ந்தது எல்லாருக்கும் கேட்டது.

அப்போது முதலாளியின் சட்டைப்பையில் செல்போன் பாடியது. பாலகுரு எல்லாரிடமும் வாங்கியவன், பழக்கத்தில் முதலாளியிடம் மட்டும் கேட்கவில்லை. அத்தனை ரோஸ் முகங்களும் திரும்பி அவரைப் பார்த்தன. சம்பளம் வாங்குகிறவர்கள் பார்க்கிற பார்வையாக அது இல்லை. ரத்தினசாமி பையைப் பொத்திக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடினார். தூரத்தில், முள்ளுக்கு நடுவிலிருந்து, "வைய்யி போனை!" என்று அவர் யாரையோ திட்டுவது மெல்லக் கேட்டது.

"ஒரு ஈயாவது அசைஞ்சுச்சா?" என்று சோலையம்மாள் மகள் காதில் கேட்டாள்.

"ஒண்ணுகூட அசையலைம்மா."

சோலையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில், அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல் அழுதாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது செந்தூர்பாண்டி முத்துராமலிங்கத்தின் பக்கத்தில் வந்து நடந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நான் செத்தா எங்க முதலாளி லாரியில வெடி அனுப்புவாரு."

"அனுப்பட்டும்."

"என்ன லாரி. எவனுக்குத்தான் வெடிக்கல?" அவன் இன்னும் நெருங்கி வந்தான். "அண்ணாச்சி, மார்த்தாண்டத்துக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கா? நாலஞ்சு பெட்டி நானும் வச்சுப் பாக்கலாம்னு."

கருமாதிக்குள் செய்தி விருதுநகர் வரை போய்விட்டது. அங்கே சூலக்கரை ஆபீஸுக்குக் கம்பெனி வேலையாகப் போன பாலகுருவை நிறுத்தி, "வெடியில்லாமப் போன போர்மேன் உங்க ஊரா?" என்று கேட்டார்களாம். அவன் கையில் இருந்த தழும்பைக் காட்டினானாம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் முதலில் சுவருக்கு மேலே எட்டிப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். சோலையம்மாள் ஒவ்வொருத்தருக்கும் அலுக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

கருமாதி அன்று அய்யப்பன் மார்த்தாண்டத்திலிருந்து வந்தார். கையில் தேன் பாட்டில். "சேதி தெரிஞ்சதே நேத்துதான் மதினி," என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முத்துராமலிங்கம் அவர் தோளைப் பிடித்துப் பந்தலில் உட்காரவைத்து, கதை முழுவதையும், வேன் வந்ததிலிருந்து முகம் காட்டியது வரை, ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "உங்க ஈ ஒண்ணுகூட அசையலய்யா!" என்று முடித்தார்.

அய்யப்பன் விழித்தார்.

"எந்த ஈ அண்ணாச்சி?"

"எந்த ஈயா? பெட்டியில இருக்கிற ஈ."

அய்யப்பன் எழுந்து பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் போனார். "முகத்தை மூடாமப் போறீகளே! கொட்டும்யா!" என்று கூட்டமே கத்தியது. அவர் நேராக வேப்பமரத்தடிக்குப் போய், வெறுங்கையால், முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினார். இரண்டாவதைத் தூக்கினார். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஒரு பெட்டியைச் சாய்த்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் கட்டெறும்பு கூட்டம் கூட்டமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பாலகுரு தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அடையோட ஈயைப் போன மாசமே எடுத்துக்கிட்டுப் போயிட்டேனே," என்றார் அய்யப்பன். "அண்ணன்தான் போன் போட்டு வரச் சொன்னாவ. நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிருந்தீங்க."

"எதுக்கு?" சோலையம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டாம் பூ அப்படியே நிக்கே. பூவுல நிக்கையில ஈயை அனுப்புவாகளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நானும் அதத்தான் கேட்டேன் மதினி. மதுரையில டாக்டர் நெஞ்சுக்குச் சொன்னதைச் சொன்னாவ. உங்ககிட்ட வாயுன்னு சொல்லி வச்சிருக்கேன்னாவ."

அய்யப்பன் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். சொல்லலாமா என்று ஒரு தடவை முத்துராமலிங்கத்தைப் பார்த்தார். பிறகு சோலையம்மாளைப் பார்த்தார்.

"'பிடிச்ச காய் போதும், அய்யப்பா, ஈயைக் கொண்டுக்கிட்டுப் போயிரு. அது இங்கன இருந்துச்சுன்னா, நான் போற அன்னைக்கு எம் பொண்டாட்டி ஒரு ஊசிவெடி வெடிக்க விடமாட்டா'ன்னாவ."